கங்கம்மா எப்போது சுடலாம்?

கங்கம்மா எங்கள் ஆபீஸ் படியேறி வந்த அன்றைக்கு நான் நல்ல கோபத்தில் இருந்தேன். காலையிலிருந்து ஒரே மனுவைத் திரும்பத் திரும்ப டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வக்கீல் கஸ்தூரிரங்கன் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கொடுத்ததை நான் அழகாக அடித்துக்கொண்டு போய் நீட்டிய பிறகுதான், தான் உண்மையில் என்ன எழுத நினைத்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வரும். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை, அதுதான் ஆபீஸ். அங்கே நான் டைப்பிஸ்ட், பெயர் வேதா. எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை மாசம் அது. ஃபேன் ஓடினால் இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

ஐம்பது வயசிருக்கும், நல்ல உடம்பு, வெற்றிலை போட்ட வாய். உள்ளே வந்தவள் மஞ்சள் பையைத் திறந்து அவித்த வேர்க்கடலையை என் மேஜை மேல், நான் அடித்து வைத்திருந்த மனுவின் மேலேயே, கொட்டினாள்.

"சாப்டு பாப்பா. நம்ம கொல்லையில வெளஞ்சது" என்றாள். பிறகு சார் பக்கம் திரும்பி, "சார், ஒரு ஆள எப்ப சுட்டா கேஸ் ஆவாது?" என்று கேட்டாள்.

சாருக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறிவிட்டது. அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டு, "யாரும்மா நீங்க? யாரைச் சுடணும்?" என்றார்.

"இன்னும் யாரையும் சுடல சார். கேட்டுகினு சுடலாம்னுதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

கங்கம்மாவுக்கு முடிச்சூர். இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு மனைகளும் மாடி வீடுகளும்தான் தெரியும். அன்றைக்கு நெல்லும் கடலையும்தான். கடலைக் கொல்லையை ஒட்டி ஒரு கூரை வீடு, அதில் அவள் தனியாக இருந்தாள். மகள் மறைமலை நகரில் கல்யாணமாகிப் போயிருந்தாள். வண்டலூர்க் காட்டுப் பக்கமிருந்து பன்றி இறங்கிக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகும். அதற்காகவே அவளுடைய வீட்டுக்காரர் பொன்னுசாமி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் எடுத்து ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, குச்சியால் இடித்து, நிதானமாகச் சுட வேண்டிய துப்பாக்கி. அவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு, லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி கங்கம்மா கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தாள். அங்கே ஓர் அதிகாரி, "உனக்குச் சுடத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்கூட்டுக்காரருக்கே நாந்தான் சார் சுட்டுக் குடுப்பேன். அவருக்கு அந்த சத்தமே ஆவாது, காதுல பஞ்சு வெச்சிகினு உள்ள போயி படுத்துக்குவாரு" என்றாளாம் இவள். லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் எத்தனை பன்றி செத்தது என்று நான் கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். "அது எதுக்கும்மா சாவணும்? வானத்தப் பாத்து ஒண்ணு வுட்டா ஓடிப்பூடும். கடல தப்பிச்சா போதாதா" என்றாள். ஊரில் சடங்கா, கல்யாணமா, கங்கம்மா வந்தால்தான் கூட்டம் களைகட்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளையைக் கேலி செய்து பாட ஆரம்பித்தாள் என்றால் மாப்பிள்ளையின் அம்மாவே சேர்ந்து சிரிப்பாளாம். தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த ஆபீஸர்களெல்லாம் அவளிடம்தான் கடலை வாங்கினார்கள், கூடவே ஒரு கேலியும் இலவசமாகக் கிடைத்தது.

அன்றைக்கு வந்த விவகாரம் குப்புராஜால் வந்தது. அதே ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், திடீரென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரியல் எஸ்டேட்டில் இறங்கிவிட்டான். கங்கம்மாவின் கொல்லைக்குப் பின்னால் இருந்த வயல்களை வாங்கி, கல் நட்டு, பெயிண்ட் அடித்து, தன் அப்பா பெயரில் ஒரு நகர் என்று போர்டும் வைத்துவிட்டான். எல்லாம் வைத்தவன் ரோட்டை மறந்துவிட்டான். நடுவில் கங்கம்மாவின் கடலைக் கொல்லை கிடந்தது. அதைக் கிழித்துக்கொண்டு போனால்தான் அவன் மனைக்கு லாரி போகும்.

"மொத்தமா கேட்டா யோசிக்கலாம் சார். நட்ட நடுவுல ரோட்டுக்கு மட்டும் குடுன்றான். ரெண்டு பக்கமும் மீந்து கெடக்குற துண்டுல இன்னா பண்றது, கோலம் போடவா? அந்தக் கொல்லதான் எனக்கு சோறு. வெள்ளிக்கெழம டிராக்டரோட வரேன், முடிஞ்சா தடுத்துக்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருக்குக் கட்சிக்காரர்கள் எல்லாம் பாகப் பிரிவினையும் வாடகைத் தகராறும்தான். தண்டனைச் சட்டப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "இதுக்குத் தற்காப்பு உரிமைன்னு பேர். கேட்டுக்கோங்கோ. உங்க உயிர் போயிடும், இல்லே படுகாயம் ஆகும்னு நியாயமான பயம் வரணும். வேற வழியில்லேன்னா அப்போ சுடலாம். எதிராளி செத்தாலும் குத்தம் இல்லே."

"வேலியப் பிச்சா?"

"சுடப்படாது. தடுக்கலாம், பிடிச்சுத் தள்ளலாம். வரப்பு தாண்டினவன் உயிரையெல்லாம் எடுக்கச் சட்டம் விடாது."

"வூட்டுக்கு நெருப்பு வெச்சா?"

"குடியிருக்கிற வீட்டுக்கு நெருப்பு வெச்சா சுடலாம்."

"கடப்பாரையோட வந்தா?"

"கடப்பாரை மண்ணைத் தோண்டவா, உங்க மண்டையைப் பொளக்கவான்னு பார்க்கணும்."

"அது பொளந்தப்பறம்தான சார் தெரியும்?"

"பொளக்கற வரைக்கும் காத்துண்டிருக்க வேண்டாம். உங்களைப் பார்த்து ஓங்கினாலே போதும்."

"டிராக்டர ஏத்துனா?"

"நிலத்து மேலயா, உங்க மேலயா?"

"எம்மேலதான்."

"அது உயிராபத்துதானே. உங்க மேல ஏத்த வந்தா சுடலாம். ஆனா அவன் திரும்பி ஓட ஆரம்பிச்சுட்டா நீங்க நிறுத்திடணும். முதுகுல குண்டு இருந்தா ஜட்ஜ் முதல்ல அதைத்தான் கேப்பார்."

கங்கம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு கடலையை உடைத்து, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமுமாக வைத்துக்கொண்டே கேட்டாள். சார் கடைசியில் விரலை ஆட்டிச் சொன்னார்: "எல்லாத்துக்கும் மேல, போலீசுக்குப் போக அவகாசம் இருந்தா போலீசுக்குத்தான் போகணும். முதல்ல ஸ்டேஷன்ல ஒரு மனு கொடுங்கோ. நான் கோர்ட்ல தடை உத்தரவுக்குப் போடறேன், அது கைக்கு வர அடுத்த வாரம் ஆகும். எப்படியானாலும் சுடறதுக்கு முன்னாடி வாயால எச்சரிக்கணும்."

"எச்சரிக்கணுமா? அத மொதல்ல சொல்றதில்ல?" என்று கங்கம்மா எழுந்துவிட்டாள். போலீசைப் பற்றிச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

அவள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலைக் கொல்லையில் எலி மருந்து வைக்கிறவர்கள் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்து யார் ஆடாவது மேய்ந்து செத்தால், வைத்தவர் தலையில் விடியும். சொன்ன பிறகு செத்தால் ஆட்டுக்காரர் பாடு. கங்கம்மா வருஷா வருஷம் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். வக்கீல் எச்சரிக்கை என்றதும் அவளுக்கு இதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

மறுநாள் காலை நான் முடிச்சூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மைக் செட் யேசுதாசனின் ஆட்டோ வந்தது. மாதா கோயில் திருவிழாவிலிருந்து மூட்டைப்பூச்சி மருந்து வரைக்கும் அந்த வட்டாரத்துக்கு அவன் குரல்தான்.

"முடிச்சூர் வாழ் பெருமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. வருகின்ற வெள்ளிக்கிழமை காலை முதல் கங்கம்மா அவர்களின் கடலைக் கொல்லையில் துப்பாக்கி இயங்கும். வெறுங்கையோடு வருபவர்கள் சுடப்பட மாட்டார்கள். வேலியைப் பிரிப்பவர்கள் தள்ளப்படுவார்கள், சுடப்பட மாட்டார்கள். ஆயுதம் ஓங்குபவர்கள், வீட்டுக்கு நெருப்பு வைப்பவர்கள், ஆள் மேல் வண்டி ஏற்றுபவர்கள் சுடப்படுவார்கள். திரும்பி ஓடுபவர்கள் சுடப்பட மாட்டார்கள். பொதுமக்கள் தங்கள் ஆடு மாடுகளைக் கட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இவண், வக்கீல் கஸ்தூரிரங்கன் அவர்களின் ஆலோசனைப்படி, கங்கம்மா."

அட பெருமாளே என்று பஸ் ஸ்டாப் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸுக்குப் போய்ச் சொன்னதும் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நுணலும் தன் வாயால் கெடும்பா, வேதா. இங்கே நுணல் நான்தான்" என்றார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. யேசுதாசன் அன்றைக்கு முழுக்கப் பெருங்களத்தூர் வரைக்கும் சுற்றிச் சுற்றிச் சொன்னான். நடுநடுவே பாட்டும் போட்டான்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. சார், நான், கங்கம்மா மூன்று பேரும் போனோம். துப்பாக்கியையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அதை ஒரு பழைய புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி நிதானமான மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சட்டத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, தப்பில்ல. ஆனா நாள் குறிச்சுச் சுடறதுக்குப் பேரு தற்காப்பு இல்லம்மா. ஆபத்து வர்ற நேரத்துலதான் அந்த உரிமையே வருது. முன்னாடியே பத்திரிகை அடிச்சு ஊருக்குக் குடுக்க அது கல்யாணமா? இதையே மிரட்டல் கேஸா நான் போடலாம். போடல. ஆனா கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் துப்பாக்கி இங்கதான் இருக்கும். உங்க மனுவ எடுத்துக்கறேன். வெள்ளிக்கிழமை காலைல எனக்கு பந்தோபஸ்து இருக்கு, முடிச்சுட்டு நானே வரேன்."

"நீ வரதுக்குள்ள அவன் ரோடு போட்டுட்டான்னா, சார்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து துப்பாக்கிக்கு ரசீது எழுதிக் கொடுத்தார்.

ஸ்டேஷனுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கங்கம்மா அழுதாள். அந்தச் சிரிப்புக்காரி மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "போச்சும்மா. வெறும் பொம்பளன்னு தெரிஞ்சா ஒரே நாள்ல சமம் பண்ணிடுவான். ஒரு தரம் ரோடு வுழுந்துட்டா அப்பறம் எந்தக் கோர்ட்டு வந்து கடல போடப் போவுது" என்றாள். அவள் சொன்னது சரிதான், சாருக்கும் அது தெரியும். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கோர்ட் மனுவில் அவளிடம் கைநாட்டு வாங்கி வரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது கொல்லை முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். கடலை முற்ற இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் டிராக்டருக்குக் கீழே நசுங்கிப் போவதைவிடப் பிஞ்சாகவாவது வீட்டுக்கு வரட்டும் என்று கங்கம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் செடி பிடுங்க விட்டிருந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுத் தனம் அவளைச் சிரிக்க வைக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் பலிக்கவில்லை.

கைநாட்டு மை காய்வதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. முன்னால் மோட்டார் சைக்கிளில் குப்புராஜ். டிராக்டரின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஆட்கள் குதித்து இறங்கினார்கள். வரப்பைத் தாண்டுவதற்கு முன் எல்லோரும் நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்கள். ஒருவன் சட்டையைத் தூக்கி இடுப்பையும் காட்டினான்.

"அக்கா, பாத்துக்க, வெறுங்கை. கடப்பாரல்லாம் வண்டியிலியே வெச்சிட்டோம். பீடிகூட பத்த வெக்கல" என்றான்.

பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். குப்புராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "டேய், வெறுங்கையால ரோடு போடுவியாடா?"

"மைக்ல சொன்னாங்கண்ணா" என்றான் அவன் பரிதாபமாக.

குப்புராஜ் கண்ணை இடுக்கிக்கொண்டு கங்கம்மாவை மேலும் கீழும் பார்த்தான். அவள் கையில் கடலைச் செடிதான் இருந்தது. "எங்க உன் துப்பாக்கி?"

ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்று நான் அவள் கையைக் கிள்ளினேன். அவளுக்குப் பொய் வராது. "டேசன்ல கீது" என்றாள்.

அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "இத முன்னாடியே சொல்றதில்ல? அதையும் மைக்ல சொல்லியிருக்கலாமே. டேய் சீரங்கா, வண்டிய உள்ள வுடுறா."

டிராக்டர் உறுமிக்கொண்டு வேலியைச் சாய்த்தது. முன்சக்கரம் வரப்பில் ஏறியது. கங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "துப்பாக்கி இல்லாங்காட்டி அந்தச் சட்டம் எனக்கு இல்லியாம்மா?"

 தற்காப்பு உரிமைப் பக்கத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து கோர்ட் மனுவுக்காக முந்தின நாள்தான் டைப் அடித்திருந்தேன். "சட்டத்துல துப்பாக்கின்னு ஒரு வார்த்தையே கிடையாது, கங்கம்மா. அந்த உரிமை ஆளுக்கு. உங்களுக்கு மட்டும் இல்ல, உங்களைக் காப்பாத்த வர்றவங்களுக்கும் அதே உரிமை இருக்கு" என்றேன்.

"அப்போ எனக்கும் கீதா?" என்றாள் தனம்.

"கீது" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

தனம் தன் செடிக் குவியலை அப்படியே வாரிக்கொண்டு போய் டிராக்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, செடியிலிருந்து கடலையை ஆய ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் பேபி என்கிற பெண், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. கங்கம்மா நடுவில் போய் உட்கார்ந்தாள். நானும் போனேன், புதுப் புடவை என்றுகூடப் பார்க்கவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. கை பாட்டுக்குக் கடலையை ஆய்ந்துகொண்டிருந்தது. மண்ணைக் கிளறக் கொண்டுவந்திருந்த களைக்கொட்டுகள் பக்கத்தில் தரையில் கிடந்தன, யாரும் அதைத் தொடவில்லை.

"ஏத்துடா, பயந்து எழுந்து ஓடுவாளுங்க" என்று குப்புராஜ் கத்தினான்.

டிரைவர் சீரங்கன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவன் பெருங்களத்தூரில் குடியிருப்பவன். யேசுதாசனின் ஆட்டோ அவன் வீட்டு வாசலிலேயே நின்று பல தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தது. எஞ்சினை நிறுத்தினான்.

"அண்ணா, நெலத்து மேல ஏத்த சொல்லு, ஏத்தறேன். ஆளு மேல ஏத்துனா அவுங்க என்னைய இன்னா பண்ணாலும் கேஸ் இல்லியாம். இத்தினி பேரு கீறாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்கண்ணா" என்றான். கீழே குதித்து இறங்கி, சீட்டை லுங்கி முனையால் துடைத்தான். "நீ வேணா ஏறி ஓட்டுண்ணா. சாவி அதுலயேதான் கீது."

குப்புராஜ் சீட்டைப் பார்த்தான். நாங்கள் குப்புராஜைப் பார்த்தோம். தனம் ஒரு கடலையை உடைத்து மென்றுகொண்டே பார்த்தாள். ஏறுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஒரு காலைப் படியில் வைத்தான். பிறகு எடுத்துவிட்டான். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கங்கம்மா சிரித்தாள் பாருங்கள், கொல்லை அதிர்ந்தது. எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது, குப்புராஜின் ஆட்களும் எங்களோடு உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கங்கம்மா அவர்களைக் கேலி செய்து பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சீரங்கன் சாய்ந்த வேலியை நிமிர்த்திக் கட்டினான்.

அடுத்த வாரம் தடை உத்தரவு வந்தது. குப்புராஜ் வேறு பக்கத்தில் ஒருவரிடம் முறைப்படி வழி வாங்கி ரோடு போட்டுக்கொண்டான். உத்தரவு நகலோடு நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனோம். துப்பாக்கியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் கேட்டார், "இதில்லாமலே காரியம் முடிஞ்சுதே. இன்னும் எதுக்கும்மா இது உனக்கு?"

"பன்னிக்கு சார்" என்றாள் கங்கம்மா, அதைப் புடவையில் சுற்றிக்கொண்டே. "அதுங்க முன்னால குந்திகினு கடல ஆய முடியுமா? மனுசன் வந்தாதான் மனுசங்க போதும்."